ஒட்டுச்சீட்டு

தாள் எண் 4417. காட்டுக் காசித்தும்பை,
வட்டக்கானல் ஓடைக்கரை.
அடியில் என் சீட்டு, என் கையெழுத்து,
பதினெட்டு வருடப் பழுப்பு.

இது வேறு இனம் என்று எழுதியிருக்கிறாள் அருள்சீலி.
இரண்டு பக்கம், நான்கு படம்,
ஒரு மன்னிக்கவும்கூட இல்லை.

ஸ்தனிஸ்லாஸ் ஒப்பவில்லை.
"காய்ந்த பூவின் வாலை நம்பியா பெயரை மாற்றுவது?
பூக்கட்டும்."

புரட்டாசி வரை காத்திருந்தோம்.
மழை, அட்டை, துணியில் முடிந்த உப்பு.
நூற்றுப் பன்னிரண்டு பூக்களை
ஒவ்வொன்றாய் விரலில் ஏந்திப் பார்த்தோம்.
நூற்றேழில் வால் வளைந்திருந்தது.
ஐந்தில் நேர்.

நான் வாய் திறக்குமுன்
அந்த ஐந்தையும் எழுதுங்கள் என்றாள் அவளே,
சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

மூவரில் இருவர் கை தூக்கினோம்.
ஒரு கை என்னுடையது, கொஞ்சம் தாமதமாக.
ஸ்தனிஸ்லாஸின் மறுப்பும் பதிவேட்டில் ஏறியது,
காரணத்தோடு, தேதியோடு.

பழைய சீட்டைக் கிழிக்கிற வழக்கம் இங்கே இல்லை.
பசையை நானே காய்ச்சினேன்.
என் பெயருக்குக் கீழே அவள் பெயர்
சற்றுக் கோணலாக ஒட்டிவிட்டது.
நிமிர்த்தப் போனேன், இறுகிவிட்டிருந்தது.

அதற்கும் கீழே
இன்னும் நான்கு விரற்கடை
வெறும் தாள்.