கணக்கில் சேராத பூட்டு

வியாழன் இரவு எட்டு மணிக்கு
சைக்கிள் கடை மாடியில் கூடுவோம்.
மேசை நிறையப் பூட்டுகள்.
காபிக் கோப்பை வைக்க இடம் தேடவேண்டும்.
க்ரோனிங்கனில் எங்களை அறிந்தவர் கொஞ்சம்,
அந்தக் கொஞ்சம் பேரும்
திருடர் சங்கம் என்றுதான் சொல்கிறார்கள்.

விதிகள் இரண்டே.
உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே.
உன்னுடையதே ஆனாலும்
வேலையில் இருக்கும் பூட்டைத் தொடாதே.
பலகையில் எழுதிவைத்தவர் மென்னோ.
தேவாலய ஆர்கன்களுக்குச் சுருதி சேர்ப்பவர்,
பூட்டைக் காதருகே வைத்துத்தான் திறப்பார்.

அவுக்யே மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள்.
நரம்பு அகப்படாத கைகளையெல்லாம்
அவளிடம்தான் அனுப்புவார்களாம்.
கொண்டியை இழுத்துப் பிடித்தபடி
எண் சக்கரங்களை ஒவ்வொன்றாய் உருட்டுவாள்.
எது முரண்டு பிடிக்கிறதோ
அதனிடம் முதலில் போவாள்.
ஒன்பது பொய்களுக்கு நடுவே ஓரிடத்தில்
ஒரு சின்னச் சரிவு:
இருட்டில், இன்னொரு படி இருக்கிறதென்று
கால் வைத்து
இல்லாமல் போகிற மாதிரி.
அவளுக்கு நாற்பது நொடி.
அந்தச் சரிவு என் விரலுக்கு எட்ட
எட்டு மாதம் ஆயிற்று.

பிப்ரவரியில் ரைட்டீப் உறைந்தது,
ஆறு வருடம் கழித்து.
அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் திடீர்க் காய்ச்சல்.
இரண்டு நாள் தாங்கும் என்றது வானிலை அறிக்கை.
என் ஸ்கேட்டுகளோ
ஊருக்கு வெளியே தோட்டக் கொட்டகையில்.
கொட்டகை எனக்கும் தம்பி சீப்ரனுக்கும் பொது.
பேச்சு நின்று பதினான்கு மாதம்.
அப்பா வீட்டை யாருக்கு விற்பது என்று தொடங்கி
மீன்தொட்டி யாருக்கு என்பதில் முடிந்த சண்டை.

எண்ணை மாற்றியிருப்பான்.
சந்தேகமே இல்லை,
நானாக இருந்தால் மாற்றியிருப்பேன்.

கொட்டகை முன் நின்று
பாதி என்னுடைய பூட்டை
விதி என்ன செய்யும் என்று யோசித்தேன்.
பிறகு கையுறையைக் கழற்றினேன்.
மைனஸ் ஏழு.
பித்தளை தொட்டதும் விரல் செத்துப்போனது.
வாயில் வைத்து ஊதி, அக்குளில் செருகி,
உயிர் வந்ததும் மறுபடி.
ஒரு நாய் வந்து பார்த்தது.
அதன் சொந்தக்காரி என்னைப் பார்க்காமல் போனாள்.

மூன்றாம் சக்கரம் ஒன்றில் சரிந்தது.
முதல் சக்கரம் எட்டில்.
கடைசி, வெகுநேரம் ஏமாற்றிவிட்டு, நான்கில்.
எட்டு, ஏதோ, ஒன்று, நான்கு.
அடுத்ததைத் தேட விரல் போவதற்குள்
வாய் சொல்லிவிட்டது:
ஆறு.

பூட்டு வாங்கிய அன்று
எந்த எண் வைக்கலாம் என்று கேட்டதற்கு
ரசீதின் கடைசி நான்கைப் படித்தான் சீப்ரன்.
நினைவில் வைக்க ஒரு காரணமும் இல்லாத எண்.
அதை அவன் மாற்றவே இல்லை.
நான் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே இரண்டு ஆணி.
ஒன்றில் என் ஸ்கேட்டுகள், ஒட்டடையோடு.
மற்றது வெறும் ஆணி.
எனக்கு முன்பே
வந்து எடுத்துப் போயிருக்கிறான்.

வியாழக்கிழமை மென்னோ பதிவேட்டை விரித்தார்.
எத்தனை நிமிடம்?
இருபத்திரண்டு.
எந்த முறையில்?
மூன்று விரலால், ஒன்று ஞாபகத்தால்.
எண் தெரிந்த பூட்டா?
அப்படியானால் கணக்கில் சேராதே.
தெரியும் என்பது தெரியாது என்றேன்.
பேனாவை மூடினார்.
இரண்டாம் விதியை மீறியதற்கு
ஒரு மாதக் காபிச் செலவு என் தலையில்.

அவுக்யே மட்டும்
கையிலிருந்த பூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்
கேட்டாள்:
பனி தாங்கியதா?

ஒரு நாள் என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
ஒன்றரை.