எட்டு நொடி

செத்த சுள்ளி என்றுதான்
வருடம் முழுக்க எல்லோரும் அதைக் கடந்து போகிறார்கள்.
வேலம்புதருக்குள் சாய்ந்து
யாரோ எறிந்துவிட்டுப் போன குடைக்கம்பி போல.
நானே ஒருமுறை அதில் தொப்பியை மாட்டியிருக்கிறேன்.

கள்ளி அது என்று சொன்னவன் வெண்டல் அன்டோன்.
என்னோடு சாலைத்துறையில் தார் ஊற்றுகிறவன்.
சொன்னதற்கு ஒரு பழைய கார் பேட்டரி கேட்டான்.
கொடுத்தேன்.

அரிசோனா, ஜூன் மாதம்.
அதற்குமேல் இடம் கேட்காதீர்கள்.

முதல் இரவு மொட்டு அசையவே இல்லை.
இரண்டாம் இரவு
முக்காலியின் அடியில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு
சுருண்டு படுத்துக்கொண்டது.
வண்டிக்குள் உட்கார்ந்து
அதன் தூக்கம் கலையட்டும் என்று
உப்புக்கடலை ஒரு பொட்டலம் தின்று தீர்த்தேன்.

மூன்றாம் இரவு
வாசனை முதலில் வந்தது, பூ பிறகு.
குளித்த ஈரத்தோடு யாரோ
இருட்டில் என்னை உரசிக்கொண்டு போனமாதிரி.
திரும்பிப் பார்த்தேன்.
சுள்ளியின் நுனியில் உள்ளங்கையளவு வெள்ளை
இன்னும் நடுங்கி, இன்னும் விரிந்து.

சிவப்பு விளக்கைக் குறைத்தேன்.
ஷட்டரை எட்டு நொடிக்குத் திறந்தேன்.
ஐந்தாவது நொடியில்
எல்லைக் காவல் வண்டியின் ஹெட்லைட்
முழுதாக உள்ளே கொட்டியது.

"யாரது? கையைக் காட்டு."
காட்டினேன். ஒன்றில் லென்ஸ் துடைக்கும் துணி.
"டெல்ஃபினா உர்கிடெஸ்."
"இங்கே என்ன?"
"பூ."
"பூவா?"
"விளக்கை அணையுங்கள், கெட்டுப்போகிறது."

ஏனோ அணைத்தான்.
பெயர்ப்பட்டையில் சால்செடோ என்று இருந்தது.
இடுப்பு ரேடியோ எண்களாகப் பேசிக்கொண்டிருந்தது.
அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
மூக்கை முன்னால் நீட்டி நடந்து வந்தான்,
சமையலறை தேடுகிற பையன் மாதிரி.

அப்போது வந்தது அந்துப்பூச்சி.
சிட்டுக்குருவிப் பருமன்.
உடம்பைவிட நீண்ட நாக்கு.
மறுபடி திறந்தேன்.
அவன் எண்ணினான், ஸ்பானிஷில், மூச்சுக்குள்:
உனோ, தோஸ், த்ரேஸ்...
எட்டு வருவதற்குள் அது போய்விட்டது.
படத்தில் ஒரு புகைக்கோடு மட்டும்.

போகும்போது சாலை வரைக்கும்
விளக்கு போடாமலே ஓட்டினான்.

வீட்டில் படங்களிலிருந்து
அகலாங்கு, நெட்டாங்கு இரண்டையும் அழித்தேன்.
போன வருடம் இன்னொரு செடி இருந்த இடத்தில்
வாளியளவு குழி ஒன்றைப் பார்த்தவள் நான்.
கிழங்கை அகழ்ந்து கொண்டுபோய்விட்டார்கள்.
ஓரத்தில் மண்வெட்டி வாய் பதிந்திருந்தது.

கெட்டுப்போன முதல் படம்தான் நன்றாக இருந்தது.
அவன் வெளிச்சத்தில்
ஒவ்வொரு இதழும் தனித்தனியாக.
ஆனால் பின்னால் மலையின் உடைந்த பல்லும் விழுந்திருக்கிறது.
இந்தப் பக்கத்து ஆள் யாரும்
ஒரே பார்வையில் இடத்தைச் சொல்லிவிடுவான்.
அழிக்கவில்லை. காட்டவும் மாட்டேன்.

விடிந்து ஏழு மணிக்குப் போனேன்.
பூ, பிழிந்த கைக்குட்டையாகத் தொங்கியது.

புதுக் காலடி தெரியவேண்டும் என்பதற்காக
காவல்காரர்கள் டயர்களைச் சங்கிலியில் கட்டி
மண்பாதையை இழுத்துச் சமன் செய்வது வழக்கம்.
பாதையைத்தான் செய்வார்கள்.
அன்று, பாதையிலிருந்து பிரிந்து
புதர் வரை போகும் நாற்பது அடியும்
சீவிவிட்ட தலைபோல் இருந்தது.

என் தடம் இல்லை.
அவன் தடமும் இல்லை.

எதற்காகச் செய்தான் என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
அடுத்த ஜூனுக்கு இன்னும் பதினொரு மாதம்.