மூத்தது

என் பெயர்ப்பலகையில் படிப்பு மூன்று வரி.
பேராதனை, கொழும்பு, பிறகு
பனி கொட்டும் ஊரொன்றில் பதினாலு மாதம்.
அங்கே எம்.ஆர்.ஐ. அறை வாசலில்
"உடம்பில் இரும்பு ஏதும் உண்டா?" என்று கேட்டால்
சிலர் சிரிப்பார்கள்.

இப்போது புதன்கிழமைகளில் மாங்குளம்.
முப்பத்தெட்டுத் துண்டு, ஒரு ஸ்கான் மெசின்,
கரண்ட் நின்றால் ஜெனரேற்றருக்கு ஓடச்
செபமாலை அண்ணை.
இருமலுக்கு எடுத்த எக்ஸ்றேயிலும்
தோளருகே, முள்ளந்தண்டருகே வெள்ளைப் பொட்டுகள்.
"பழைய உலோகத் துணுக்கு. சிகிச்சை தேவையில்லை."
நான் பார்க்காமலே விரல் தட்டிவிடும் வசனம்.

இருபத்தொராம் இலக்கம், இசைவிழி.
ஐந்தாம் மாதம்.
ஜெல்லின் குளிருக்கு மூச்சை இழுத்துப் பிடித்தாள்.
தலை, தொடையெலும்பு, இதயத்தின் நாலு அறை,
துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு.
கருவியை இடப்பக்கம் நகர்த்தினேன்.
வயிற்றுத் தசைக்குள் ஒரு மினுக்கம்,
அதன் பின்னே நீளமாய் ஒரு வால்.
பாடப்புத்தகம் அதை வால்வெள்ளி என்கிறது.
திரையை மெல்ல என் பக்கம் திருப்பினேன்.

"மறைக்காதேங்கோ டொக்டர்.
அதுதான் மூத்தது.
எனக்குப் பதினொரு வயசிலை வந்தது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
வயிறு குலுங்கத் திரையில்
இரண்டும் சேர்ந்து அசைந்தன.

றிப்போட்டில் ஒரு கட்டம்:
சிசுக்களின் எண்ணிக்கை.
ஒன்று என்று போட
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வெளியே செபமாலை அண்ணை
இருபத்திரண்டைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.
துடைக்கிற தாள் முடிந்திருந்தது.
கொண்டுவந்த துவாயால் அவளே துடைத்தாள்,
இரண்டு இடத்தையும்.