ஈரக் கழிவு

டிசம்பர் இருபத்தொன்பது.
"இன்னும் ரெண்டு நாள் இருக்கு, பயப்படாதீங்க" என்றாள் சுஜிதா.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்
மூன்று கம்ப்யூட்டரும் ஒரு வெந்நீர்க் கெட்டிலும் வைத்திருப்பவள்.

எட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு ரூபாய்.
குன்னூர் வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகைக்கு வட்டி.
ஜூலையில் போட்ட படிவத்தில் அது இல்லை.
மறந்தேனா, மறந்துவிடலாம் என்றிருந்தேனா,
இப்போது சொல்லத் தெரியவில்லை.
நோட்டீஸ் வரவில்லை. யாரும் கேட்கவில்லை.
என் பெயரில் அரசாங்கம் வைத்திருக்கும் பட்டியலில்
பதினோராவது வரியாக
வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

எட்டாயிரம்தானே என்றுதான் வந்தேன்.
சுஜிதா கூட்டிப் பார்த்தாள்.
மொத்த வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது,
இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் வரி இல்லை.
கட்டைவிரல் அந்தப் பக்கம் பட்டால்
முழு ஆளுக்கும் வரி.
தாமதத்துக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரத்து நானூற்று இருபது.
கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த பணம்.
கட்டினேன்.

"பழைய படிவத்தோட ஒப்புகை எண் சொல்லுங்க."
பதினைந்து இலக்கம்.
திருத்த வந்தவன்
தன் தவறின் எண்ணையும் தேதியையும் முதலில் ஒப்பிக்க வேண்டும்.
இவர்கள் எதையும் அழிப்பதில்லை.
பழையது பழைய இடத்திலேயே இருக்கும்,
புதியது அதன் தலைமேல் ஏறி உட்காரும்.

எங்கள் ஃபாக்டரியிலும் அப்படித்தான்.
பத்தொன்பது வருடமாக எடைமேடை என்னுடையது.
புத்தகத்தில் ரப்பர் படக்கூடாது;
குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து.
பச்சை இலை ஈரமாக வந்தால் நூற்றுக்குப் பத்து கழிப்பேன்.
கொட்டும் மழையென்றால் பதினைந்து.
என் கண் சொல்வதுதான் கணக்கு,
கண்ணுக்கு மேல்முறையீடு கிடையாது.

இலக்கங்களைப் படித்துக்கொண்டே போனவன்
நான்கு மூன்று என்ற இடத்தில்
மூன்று நான்கு என்றேன்.
"தப்புன்னு காட்டுது."

ஐப்பசியில் ஒரு நாள்.
மாதியம்மாவின் மூட்டை.
நாற்பத்து மூன்றை முப்பத்து நான்கு என்று எழுதியிருந்தேன்.
சாயந்தரம் சீட்டை நீட்டிக்கொண்டு வந்தாள்.
தராசில் சிவப்பாக எரிந்த எண்
எனக்கு நன்றாக நினைவிருந்தது.
இலை வாடல் தொட்டிக்குப் போயிடுச்சு,
இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, என்றேன்.
புத்தகத்தை மூடினேன்.
வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

"அண்ணா, நாலு மூணா, மூணு நாலா?"
நாலு மூணு.

கடைசியில் ஓ.டி.பி. வர மறுத்தது.
படியிறங்கி பேக்கரி வாசலில் நின்றால் ஒரு கோடு சிக்னல்.
ஆறு எண்களோடு மூச்சிரைக்க மேலே ஏறுவதற்குள்
நேரம் தீர்ந்துவிட்டது. மறுபடியும் அதே.
மூன்றாம் முறை கீழேயிருந்தே கத்தினேன்,
சுஜிதா ஜன்னலைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும்
என் ரகசியம் தெரியும்.

அன்றிரவு உறைபனி விழுந்தது.

காலையில் கணக்குப் போட்டேன்.
ஒன்பது கிலோ, அன்றைய விலை பதினேழு.
நூற்றைம்பத்து மூன்று.
மூன்று ரூபாய்ச் சில்லறைக்கு இரண்டு கடை ஏறினேன்.

சரிவின் அடியில், தேயிலைக்கு மேல் போர்த்திய பெரணித் தழையை
ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் மாதியம்மா.
ஓரத்து இரண்டு வரிசை கருகியிருந்தது.
விஷயத்தைச் சொன்னேன்,
தேதியோடு, இரண்டு எண்களோடு.
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எண்ணினாள்.
மறுபடியும் எண்ணினாள்.
"வட்டி?" என்றாள்.

சிரித்தாளா என்று பார்க்கத் தலைநிமிர்ந்தேன்.
எதிர்வெயில்.