நூற்று எழுபத்து மூன்றாம் இடம்

சங்கத்துக் கணினி கடைசியாக ஓடியது
தொண்ணூற்றெட்டில் என்றார் செயலாளர் வீரசிகாமணி.
கோப்பு வேறு சொன்னது: இரண்டாயிரத்து மூன்று, மார்ச்சு.
பினாங்கு, டத்தோ கிராமாட் சாலை,
டயர் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டாது.
துறைமுகத் தொழிலாளர் ஈமச் சகாயச் சங்கம்;
உறுப்பினர் நாலாயிரத்துப் பதினொரு பேர்.
ஒருங்குறிக்கு மாற்றித் தந்தால் எண்ணூறு வெள்ளி,
மதியச் சாப்பாடு என் செலவு.

பழைய எழுத்துரு கண்ணை நம்பியது.
தாளில் எது முதலில் தெரிகிறதோ அதுவே முதலில்:
கொம்பு, பிறகு ககரம், பிறகு கால்.
ஒருங்குறி காதை நம்புகிறது.
மெய்யை முதலில் நிறுத்து, ஒலியைப் பின்னால் ஏற்று.
ஆகவே கோவிந்தம்மாள், கேசவன்,
பெரியகருப்பன், தெய்வானை, சேவுகன்
எல்லாரும் முன்னால் நீட்டிய கொம்பைப்
பின்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்,
பட்டர்வொர்த் படகில் மோட்டார் சைக்கிளைத்
திருப்பி நிறுத்துவது போல.

அதற்கு நாற்பது வரி நிரல் போதும்.
சௌந்தரமா செளந்தரமா என்ற சண்டைக்கு
இன்னும் பன்னிரண்டு.

பிறகு நூற்று எழுபத்து மூன்று.
எழுத்துரு செய்தவர் அந்த இடத்தில்
இகரத்தை உட்கார வைத்திருந்தார்.
மற்ற ஊர்களில் அதே இடம் ஒரு மென்கோடு;
வரி உடையும்போது மட்டும் முகம் காட்டும்,
மற்ற நேரம் இருந்தும் இல்லாதது.
எந்த வருடமோ, எவரோ,
கோப்பை வேறு செயலியில் திறந்து சேமித்திருக்கிறார்.
தெரியாததை இயந்திரம் துடைத்துவிட்டது.

நிலை என்ற பத்தியில் இப்போது
றந்தார். றந்தார். ருக்கிறார். றந்தார்.
பெயர்ப் பத்தியில் ந்திராணி, ளஞ்சேரன், னியன்.

மொழிமுதலில் றகரம் வராது, ளகரம் வராது,
மெய்யெழுத்து வரவே வராது:
ஆறாம் வகுப்பில் அடிவாங்கிப் படித்த விதி
முதன்முதலாகச் சோறு போட்டது.
இரண்டாயிரத்துச் சொச்சம் இகரங்கள்
ஒரு நொடியில் திரும்பி வந்தன.

ராக்காயி வரவில்லை.
ராமாயி, லெட்சுமணன், ரெங்கன்
இகரம் இல்லாமலும் நிற்கிற பெயர்கள்.
இருந்து போனதா, இல்லவே இல்லையா?
இலக்கணம் எல்லாருக்கும் கொடு என்கிறது.
அடையாள அட்டையைப் பார்க்கலாம் என்றால்
அது ரூமியில்.
அறுபத்தொரு பேர்.

பட்டியலை அடித்தவர் திருமதி ஜெசிந்தா,
இப்போது புக்கிட் மெர்தாஜாமில். அழைத்தேன்.
பின்னால் குக்கர் விசில்.
“அவங்கவங்க எப்படிக் கையெழுத்துப் போட்டாங்களோ
அப்படியே அடிச்சேன் தம்பி.
கைநாட்டு வச்சவங்களுக்கு மட்டும்
நானா ஒரு இ போட்டேன்.
பேரு கொஞ்சம் பெருசாத் தெரியட்டுமேன்னு.”
மூன்றாவது விசில். வைத்துவிட்டார்.

அட்டைகள் இரும்பு அலமாரியில்,
சப்பாத்துப் பெட்டிகளில்.
முப்பத்தெட்டில் ஊதா மையில் பெருவிரல்.
சில சுழிகள் சுத்தம்.
சில, மூட்டைக் கொக்கி தேய்த்து வழவழத்தவை.
ஒவ்வொன்றுக்கும் ஓர் இகரம், கையால்.
இந்த விதியை நிரலில் எழுத வழியில்லை.
குறிப்பு வரியில் எழுதிவைத்தேன்:
ஜெசிந்தாவைக் கேட்கவும்.

நாலரைக்குக் கோப்பை ஓட்டினேன்.
வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இல்லை.
வரிசை எண் பதினேழு:
இலெட்சுமணன். பெருவிரல். பிறப்பு 1911.
சந்தா பாக்கி ஒரு வெள்ளி ஐம்பது காசு.
நிலை: இருக்கிறார்.

செயலாளரிடம் திரையைத் திருப்பினேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நெடுநேரம் பார்த்தார்.
“எழுத்தெல்லாம் சரியா வந்திருக்கா?”

எழுத்து சரிதான் என்றேன்.