கோழிக்கால்

எழுதிக்கொள்ளுங்கள் ராளகாமி.
பெயர் லெயோனிசாள். காக்கைதீவு. கருவாடு காயவைக்கிறவள்.
பாஸ்குப் பூசை முடிந்து வந்து
முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.
துறைமுகப் பக்கம் வானம்
இரும்புக் கதவு போல அடித்துக்கொண்டது.
ஒத்திகை என்றார்கள்.
பிறகு அது வந்தது, வாலில் புகையோடு.
களனி கங்கை கடலைத் தொடுகிற இடத்தில்
வயிறு தேய்ந்து, ஒருமுறை துள்ளி,
மூக்கைச் சேற்றில் குத்தி நின்றது.

சிறகில் சிவப்பு வட்டம். பார்த்தேன்.
பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

துடுப்பை முதலில் எடுத்தவர் ஓடக்கார அசனா மரிக்கார்.
"ரெண்டு பேர் இருக்கானுகள், ஏறு புள்ள."
ஏன் ஏறினாய் என்று கேட்கிறீர்கள்.
ஓடம் ஆடியது,
பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பின்னால் இருந்தவன் வாரில் கட்டுண்டபடி
தண்ணீருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மரிக்காரிடம் இருந்தது ஒரு பாக்குவெட்டி.
வார் பாதி அறுபடுமுன் வால் அமிழ்ந்துவிட்டது.
முன்னால் இருந்தவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தோம்.
மீசை சரியாய் வராத முகம்.
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.
பெயரா, தண்ணீரா, பின்னால் இருந்தவனா
எனக்குத் தெரியாது, அதை எழுதவேண்டாம்.

தெம்பிலி வெட்டினேன். இரண்டு.
சாப்பிட்டான், ஆமாம்.
படை லொறி வர ஒன்றரை மணி நேரமானது.

பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி சந்தியோகுவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை.
திங்கள் மாலைதான் வந்தான்,
புருவம் கருகி, சட்டையில்லாமல்,
யாருடையதோ ஒற்றைச் செருப்போடு.
கூட மூட்டை தூக்கிய நாலு பேரின் பெயரைச் சொன்னான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சட்டியைத் திறந்தான்.

தவக்காலம் நாற்பது நாளும்
பாஸ்குக்கு, பாஸ்குக்கு என்று
அவன் பேசிப் பேசியே கொழுக்கவைத்த கோழி.
கால் இரண்டும் அவனுக்கென்று எடுத்துவைத்தது.
குழம்பு இருந்தது, எண்ணெய் படிந்து.

முடுக்கில் யாரோ முந்திச் சொல்லியிருக்க வேண்டும்.
"என்ட பங்கா?"
"ஓம்."

பதினொரு நாள் பேச்சில்லை.
குழாயடியில் என் வாளியைத் தாண்டிப் போவான்.
பன்னிரண்டாம் நாள்
நான் பாரைக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருக்க
பின்னால் வந்து நின்றான்.

"அவனுக்கு வலக்கை முறிஞ்சிருந்ததாமே."
"தோளோட. வேற ஆருடையதோ மாதிரித் தொங்கினது."
"இடக்கையும் எரிஞ்சதாம்."
"ஓம்."
கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்.
"அப்ப, எலும்பிலருந்து எப்பிடிப் பிச்சவன்?"

நான் நிமிரவில்லை.
அவன் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.
செதில் தெறித்துத் தெறித்து
மணிக்கட்டெல்லாம் ஒட்டியது.