நில்

முப்பத்தைந்து வருடத்துக்கு
வில்லங்கம் போட்டுப் பார்த்தோம்.
அடமானம் இல்லை, பாகத் தகராறு இல்லை.
'நில் ஈசி மேடம்' என்று
காகிதத்தை நீட்டினார் புரோக்கர் வைரக்கண்ணு.
நில்.
இங்கிலீஷில் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
நான் அதைத் தமிழில் வாசித்துவிட்டேன்.

நீடாமங்கலத்தில், கிழக்குப் பார்த்த வாசல்,
ஐந்தே முக்கால் சென்ட்,
நாற்பதடியில் இளநீர் மாதிரித் தண்ணீர்.
பக்கத்து மனையெல்லாம் நாற்பத்திரண்டு போகும்போது
இது மட்டும் ஏன் முப்பத்து மூன்று
என்று கேட்டதற்கு வைரக்கண்ணு
மழை வருமா என்பதுபோல் மேலே பார்த்தார்.
'பழைய கதைம்மா. தொண்ணூத்தி மூணு.
வாழ வந்த பொண்ணு. பம்ப் ஸ்டவ் வெடிச்சிடுச்சு.'

எனக்குப் பேய்ப் பயம் கிடையாது.
ஆஸ்பத்திரி லேபில் பதினாலு வருடம்.
காயாரோகணத்துக்கும் கிடையாது,
அவருக்கு வாடகைப் பயம்தான்.
'சாவு விழாத வீடு எது சொல்லு' என்றபடி
மின்கட்டண ரசீதின் பின்புறம்
வட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

ரயில்வே கேட்டில்தான் தெரியவந்தது.
எஞ்சின் கழற்றி மாட்டும்வரை
ஊரே காலூன்றி நிற்கும் இடம்.
பக்கத்தில் சைக்கிளில் மரியசூசை,
சிலிண்டர் போட்டு ஓய்ந்தவர்,
சர்க்கரை பார்க்க மாதாமாதம்
என்னிடம் விரல் நீட்டுகிறவர்.
'அந்த வீடா? அஞ்சுகம் வீடு.
வலங்கைமான் பொண்ணு, இருபத்திரண்டு வயசு.
அவங்களுக்கு கேஸ் கனெக்சன் நான்தாம்மா குடுத்தேன்,
கல்யாணத்துக்கு முந்தியே, ரெட்டைச் சிலிண்டர்.
பம்ப் ஸ்டவ் ஏது அங்க?'
கேட் திறந்தது.
பின்னால் பஸ்காரன் ஹாரனை எடுக்கவேயில்லை.

விற்பவர் அதே ஆள்தான்.
இப்போது கோயம்புத்தூரில்,
இரண்டாம் சம்சாரத்து மகனோடு.
முட்டி ஆபரேஷனுக்குப் பணம் வேண்டுமாம்.
முப்பத்து மூன்று அவருக்கு.
குறைகிற ஒன்பது எங்களுக்கு,
அது அஞ்சுகம் தருவது.
அவளைப் பார்த்ததேயில்லை,
அவள் கணக்கில் எங்களுக்கும் பங்கு வந்துவிட்டது.

சாயங்காலம் மூணாறு தலைப்பில் நின்றோம்.
எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினால்
எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி என்று
ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.
'நாம விட்டா வேற எவனாவது வாங்குவான்,
இன்னும் ரெண்டு குறைச்சு' என்றார் இவர்.
உண்மைதான்.
உண்மையாக இருப்பதுதான் எரிச்சல்.
பாமணியாற்றுப் பக்கம் ஒரு செருப்பு
சுழன்று சுழன்று
இறங்காமலே நின்றது.

இரண்டாம் தடவை நான் மட்டும் போனேன்.
அடுக்களையில் புது டைல்ஸ், புது மேடை.
கூரையில் மூன்று கோட் வெள்ளையையும் மீறி
ஒரு மூலை பழுப்பாக ஊறுகிறது.
ஓதமாகவும் இருக்கலாம்.
கதவைச் சாத்திப் பார்த்தேன்.
உள்ளே தாழ்ப்பாள் இல்லை.
வெளியே இருந்தது.
'பூனைக்கு, மேடம்' என்றார் வைரக்கண்ணு,
'பாலைக் குடிச்சிடும்ல.'

எங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான்.
பூனைக்குத்தான்.
கல்யாணமாகிப் போகும்வரை
தினமும் போட்டுத் திறந்திருக்கிறேன்,
அதன் அந்தப் பக்கம் நின்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

வைரக்கண்ணு வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார்.
வண்டி டூல்ஸ் பையிலிருந்து
ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வந்தேன்.
நான்கு திருகாணி.
மூன்று சுலபமாக வந்தன.
நாலாவது பெயிண்ட்டில் மூழ்கியிருந்தது,
நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார்கள்.
வாங்குகிறோமா இல்லையா, தெரியவில்லை.
தாழ்ப்பாள் என் கைப்பையில் கிடக்கிறது,
டிபன் பாக்சில் இடித்து இடித்து.
யார் வாங்கினாலும்
பூனை வந்து
குடித்துவிட்டுப் போகட்டும்.